முள் குத்திய காலோடு ஜெராமுக்குப் போகாதீர்கள்

ஆஸ்பத்திரியில் மாமாவின் காலைச் சுற்றி அந்த மிஸ்ஸி (நர்ஸ்) நீலப் பேனாவால் ஒரு கோடு போட்டார். கோட்டின் பக்கத்திலேயே நேரத்தையும் எழுதினார், 10.40. சிவப்பு எதுவரைக்கும் ஏறியிருக்கிறதோ அதுவரைக்கும் கோடு. அவர் திரும்பி வந்து பார்த்தபோது மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை, சிவப்பு கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை மேலே போயிருந்தது. வரும்போது நடந்து வந்தவர், டாக்டரைக் கூப்பிட ஓடித்தான் போனார்.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், அந்த ஞாயிற்றுக்கிழமை முள் குத்திய காலோடு மாமாவைக் கடல் தண்ணீரில் இறங்கச் சொன்னவனே நான்தான். இப்போது எழுதுவது, போன மாதம் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரு தம்பி கையில் துணியைச் சுற்றிக்கொண்டு இறால் வாங்குவதைப் பார்த்ததால். "என்னாச்சு?" என்று கேட்டேன். "குலை வெட்டும்போது கிழிச்சிக்கிச்சுண்ணே, நாளைக்குக் கோலசிலாங்கூர் போறேன், உப்புத் தண்ணி பட்டா சரியாப் போயிடும்" என்றார். மாமாவிடம் நான் சொன்னதும் கிட்டத்தட்ட அதே வார்த்தைதான்.

மலேசியாவில் எங்கள் புக்கிட் ரோத்தான் பக்கத்தில் பாதிப் பேருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் தூண்டில்தான். மோட்டாரில் ஏறினால் ஜெராம் கடற்கரை, கொஞ்சம் வடக்கே போனால் சிலாங்கூர் ஆறு கடலில் சேரும் இடம், எதிர்க்கரையில் பாசிர் பெனாம்பாங். ஆறு நாளும் செம்பனைத் (எண்ணெய்ப் பனை) தோட்டத்துக்குள் வேலை செய்துவிட்டு ஏழாவது நாள் கடல் காற்றில் உட்காருவது எவ்வளவு பெரிய சுகம் என்று தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அதை விடச் சொல்லி நான் எழுதவில்லை. ஆனால் நம் கையையும் காலையும் கொஞ்சம் பாருங்கள். செம்பனை மட்டையின் ஓரத்தில் இருக்கும் முள், குலையில் இருக்கும் முள், உளி, அரிவாள், புல் வெட்டும் மெஷின் தெறித்த கல் என்று ஏதாவது ஒரு கீறல் இல்லாத வாரமே கிடையாது. இந்த நாட்டில் முதன்முதலில் வியாபாரத்துக்காகச் செம்பனை நட்டது 1917இல், இதே கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். நூறு வருடத்துக்கு மேலாக அந்த முள்ளோடு பழகிவிட்டோம், அதனால் அது குத்தினால் அதைப் புண் என்றே நாம் நினைப்பதில்லை.

மாமாவுக்கும் அப்படித்தான். சனிக்கிழமை ஒரு சின்னத் தோட்டத்தில் மட்டை அடுக்கப் போனவருக்கு முழங்காலுக்குக் கீழே, எலும்புக்குப் பக்கத்தில் முள் ஏறிவிட்டது. நகத்தால் பிடுங்கிப் போட்டுவிட்டு, காமாட் (கடல் அட்டை) எண்ணெய் தடவிக்கொண்டு தூங்கிவிட்டார். பச்சை மிளகாய் விதை அளவுக்கு ஒரு துளை, அவ்வளவுதான். மறுநாள் ஜெராமில் தண்ணீர் வற்றும் நேரம், தூண்டில் நூல் பாக்காவ் (அலையாத்தி) மர வேரில் மாட்டிக்கொண்டது. மாமா காலைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். "உப்புத் தண்ணி பட்டா சீக்கிரம் காஞ்சிடும் மாமா, இறங்குங்க" என்று நான்தான் சொன்னேன். முழங்கால் அளவு சேற்றுத் தண்ணீரில் அரை மணி நேரம் நின்று நூலை எடுத்தார். அன்றைக்கு ஒரு நல்ல சியாகாப் (கொடுவா மீன்) கிடைத்தது, அத்தை குழம்பு வைத்தார், எல்லாரும் சாப்பிட்டோம்.

ராத்திரியே கால் வலிக்கிறது என்றார். திங்கள் காலையில் துளையைச் சுற்றி ஒரு வெள்ளி (ரிங்கிட்) நோட்டு அளவுக்குச் சிவந்திருந்தது, ஆனால் வலி அதற்குப் பொருத்தமே இல்லாத வலி. முப்பது வருடம் குலை வெட்டிய மனிதர், போர்வை பட்டாலே கத்தினார். பக்கத்து கிளினிக்கில் வலி மாத்திரையும் தடவ மருந்தும் கொடுத்து அனுப்பினார்கள். முள் குத்தியது என்று மட்டும் சொன்னோம். கடலைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. சாயங்காலம் குளிர் நடுக்கம் வந்தது, காலில் கொப்புளம் கிளம்பியது. தீக்கொப்புளம் மாதிரி தெளிவான தண்ணீர் இல்லை உள்ளே, நாவல் பழச் சாறு மாதிரி கருஞ்சிவப்பு. அதைப் பார்த்த அத்தை, "இது முள்ளு வேலை இல்லடா, வண்டிய எடு" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இளம் டாக்டர் ஒருவர் கொப்புளத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "பாக்சிக் மாசுக் லாவுட் கே?" கடலில் இறங்கினீர்களா என்று. ஆமாம் என்றோம். அடுத்த கேள்வி, இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், இருக்கிறதா? இருக்கிறது, பன்னிரண்டு வருடமாக. அன்று ராத்திரியே அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். மொத்தம் மூன்று முறை வெட்டிச் சுத்தம் செய்தார்கள், தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள், இருபத்தாறு நாள் வார்டில் கிடந்தார். கால் மிஞ்சியது. இன்னும் பன்னிரண்டு மணி நேரம் தள்ளி வந்திருந்தால் காலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம், உயிரைப் பற்றித்தான் பேசியிருப்போம் என்று டாக்டர் சொன்னார்.

கிருமியின் பெயர் விப்ரியோ வல்னிஃபிகஸ். அந்த இரண்டாவது சொல்லுக்கு லத்தீனில் புண் உண்டாக்குவது என்றே பொருளாம். காலராக் கிருமிக்கு உறவுக்காரன்.

இங்கேதான் நாம் காலம் காலமாக நம்பி வந்த ஒன்று உடைகிறது. உப்பு கிருமியைக் கொல்லும் என்று நமக்குத் தெரியும், ஊறுகாய் கெடாமல் இருப்பதும் கருவாடு கெடாமல் இருப்பதும் உப்பால்தானே. சரி, ஆனால் ஊறுகாயில் போடும் உப்பு எங்கே, கடல் தண்ணீரின் உப்பு எங்கே? கடலில் நூற்றுக்கு மூன்றரை பங்குதான் உப்பு. அந்த அளவு இந்தக் கிருமியைக் கொல்லாது. சொல்லப் போனால் உப்பே இல்லாத தண்ணீரில்தான் அதனால் வளர முடியாது. நடுக்கடலைவிட அதற்கு ரொம்பப் பிடித்தது ஆற்றுத் தண்ணீர் வந்து கலக்கும் முகத்துவாரம், அதாவது உப்பு கொஞ்சம் குறைந்த, வெதுவெதுப்பான, சேறு கலந்த தண்ணீர். சியாகாப் கடிக்கும் இடமும் அதுதான், நாம் தூண்டில் போடும் இடமும் அதுதான்.

சூடும் முக்கியம். ஏறக்குறைய 20 டிகிரிக்கு மேலே போனால் இது நன்றாகப் பெருகும். அமெரிக்கா மாதிரி குளிர் நாடுகளில் மே முதல் அக்டோபர் வரைதான் இதன் தொல்லை அதிகம். நம் மலாக்கா நீரிணையில் மேல் தண்ணீர் வருடம் முழுக்க 28, 30 டிகிரியில் கிடக்கிறது, நமக்குச் சீசன் என்று ஒன்று கிடையாது. 2005இல் அமெரிக்காவில் கத்ரீனா புயல் அடித்த பிறகு, வெள்ளத் தண்ணீரில் நடந்தவர்களுக்கு இந்த வகைக் கிருமிகள் தொற்றின. 22 பேருக்கு நோய் வந்தது, அதில் 18 பேருக்குப் புண் வழியாக. 5 பேர் இறந்துபோனார்கள்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. கீறலோடு கடலில் இறங்கும் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை, எனக்கே எத்தனையோ தடவை ஒன்றும் ஆனதில்லை, இது அபூர்வமாக வருவதுதான். ஆனால் வந்துவிட்டால் ஐந்தில் ஒருவர் இறந்துபோகிறார், சிலர் நோய் தொடங்கிய ஓரிரண்டு நாளிலேயே. அப்புறம், யாரை இது அடிக்கிறது என்று பார்த்தால் நம் ஆட்களின் பட்டியலைப் படிக்கிற மாதிரி இருக்கும். இனிப்பு நீர் உள்ளவர்கள், ஈரல் கெட்டவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளிகள். கடைசி வகையினருக்கு உடம்பில் இரும்புச் சத்து தேங்கிவிடும், அந்த இரும்புதான் இந்தக் கிருமிக்குச் சாப்பாடு. 2019இல் நாடு முழுக்க எடுத்த சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது, இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். ஈரலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, சம்சு (மலிவுச் சாராயம்) எத்தனை வீட்டைக் குடித்தது என்று ஒவ்வொரு தோட்டத்துக்கும் தெரியும். இனிப்பு நீர் ரொம்ப நாளாக இருந்தால் பாதத்தில் உணர்ச்சியும் குறைந்துவிடும், சிப்பி கிழித்ததே தெரியாமல் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் இரத்தத்தைப் பார்ப்பார்கள்.

ஆகவே நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். கிளம்புவதற்கு முன்னால் கை, கால், விரலிடுக்கு, குதிகால் எல்லாவற்றையும் விளக்கைப் பிடித்துப் பார்ப்பேன். பச்சைப் புண் இருந்தால், அதுவும் மாமா மாதிரி நோய் உள்ளவர்களுக்கு இருந்தால், அன்றைக்குக் கடல் இல்லை. இதில் பேச்சுக்கே இடமில்லை. தைப்பூசத்துக்கு அலகு குத்தியவர்களும், புதிதாகப் பச்சை குத்தியவர்களும், அறுவை சிகிச்சை ஆகித் தையல் பிரித்தவர்களும் இதில் சேர்த்தி. தோல் முழுசாக மூடும் வரைக்கும் பொறுங்கள், கடல் அங்கேயேதான் இருக்கும். உடம்பில் வேறு நோய் இல்லாதவர், சின்னக் கீறல், படகுத்துறையில் உட்கார்ந்துதான் தூண்டில் போடப் போகிறார் என்றால், தண்ணீர் புகாத ஒட்டு போட்டு மூடிக்கொண்டு போகலாம்.

அந்த ஒட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சீனர் கடையில் சில்லறைக்கு விற்கும் துணிப் பிளாஸ்டர் வேண்டாம். அது நனைந்ததும் ஈரப் பஞ்சு மாதிரி கடல் தண்ணீரை உறிஞ்சிப் புண்ணின் மேலேயே மணிக்கணக்கில் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும், போடாமல் இருப்பதைவிட அது மோசம். மருந்துக் கடையில் கண்ணாடித் தாள் மாதிரி மெல்லிசாக, நான்கு பக்கமும் ஒட்டிக்கொள்ளும் ஒரு வகை கிடைக்கும், தண்ணீர் புகாத ஒட்டு என்று கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள். தோல் நன்றாகக் காய்ந்த பிறகு, எண்ணெய் எதுவும் தடவாமல் ஒட்ட வேண்டும். ஓரம் கிளம்பினால் உடனே மாற்ற வேண்டும். கைக்கு அதன் மேலே ஒரு ரப்பர் கையுறை. காலுக்கு, ரப்பர் பால் வெட்டுக்குப் போட்டுக்கொண்டு போவோமே அந்தக் கறுப்பு ரப்பர் செருப்பு, அடிடாஸ் கம்போங், அதுதான் நான் போடுவது. சிப்பி கிழிக்காது, கழுவினால் காய்ந்துவிடும். ஆனால் அது தண்ணீரைத் தடுக்கும் செருப்பு இல்லை, புதுக் காயம் படாமல் காக்கும், பழைய புண்ணை நனையாமல் காக்காது.

அங்கே போன பிறகு அடிபட்டால்? தூண்டில் முள், பின்னல் நூல் அறுத்த விரல், இறாலின் நெற்றிக் கொம்பு, மீனின் துடுப்பு முள், எதுவாக இருந்தாலும் சரி, கடல் தண்ணீரில் அலசாதீர்கள். பையில் ஒன்றரை லிட்டர் குடிதண்ணீர் போத்தல் ஒன்று புண்ணுக்கென்றே தனியாக வைத்திருக்கிறேன், மூடியில் ஊசியால் நான்கு துளை. அழுத்தினால் பீச்சும், அந்த வேகத்தில்தான் அழுக்கு வெளியே வரும். சவர்க்காரம் போட்டு, வலித்தாலும் பரவாயில்லை என்று, நாலைந்து நிமிடம் கழுவ வேண்டும். அதன் பிறகு மூட வேண்டும். காப்பித்தூள், மஞ்சள் தூள், சுண்ணாம்பு, புகையிலை, காமாட் எண்ணெய் எதையும் ஆழமான குத்துப் புண்ணுக்குள் திணிக்காதீர்கள். நம் பாட்டிமார் செய்த வைத்தியத்தை நான் குறைத்துப் பேசவில்லை, ஆனால் அவர்கள் மஞ்சள் வைத்தது சமையலறைக் கத்திக் காயத்துக்கு. குத்துப் புண்ணின் வாயை அடைத்துவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்ட கிருமிக்கு அது மூடி போட்ட வீடு.

செம்பிலாங் (கடல் கெளுத்தி) குத்தினால் விஷயம் வேறு. அதன் முதுகு முள்ளிலும் பக்கத்து முட்களிலும் விஷம் இருக்கிறது, திருக்கையின் வால் முள்ளிலும் அப்படித்தான். அந்த விஷம் சூட்டில் கெட்டுப்போகும், அதனால் தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேலே போகாமல், சுடுதண்ணீரில் கையையோ காலையோ அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருந்தால் வலி இறங்கும். ஃப்ளாஸ்கில் நான் எப்போதும் சுடுதண்ணீர் கொண்டுபோவது இதற்காகத்தான். தண்ணீரின் சூட்டை அடிபடாத கையால், இனிப்பு நீர்க்காரராக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையால், முதலில் பார்க்க வேண்டும், உணர்ச்சி இல்லாத காலை வெந்துபோக விட்டுவிடக் கூடாது. வலி போய்விட்டது என்று அத்தோடு விட்டுவிடவும் கூடாது. சுடுதண்ணீர் விஷத்துக்குத்தான், கிருமிக்கு இல்லை. முள் முறிந்து உள்ளே இருக்கலாம், டாக்டரிடம் காட்ட வேண்டும். விறைப்பு சன்னிக்கு (டெட்டனஸ்) ஊசி போட்டு எத்தனை வருடம் ஆகிறது என்றும் யோசியுங்கள், அழுக்கான காயத்துக்கு ஐந்து வருடம் தாண்டியிருந்தாலே மறுபடி போடச் சொல்வார்கள்.

வீட்டில் மீன் கழுவுகிறவர்களைச் சொல்ல மறந்துவிட்டேன். கடலுக்குப் போனவர் ஜாக்கிரதையாகத் திரும்பி வருவார், சிங்க்கில் அத்தையோ அம்மாவோ விரல் வெட்டோடு நண்டு உடைப்பார்கள். பச்சை மீன் தண்ணீரிலும் நண்டிலும் இறாலிலும் இதே கிருமி இருக்கலாம். அவர்களுக்கும் ஒரு ஜோடி கையுறை வாங்கி வையுங்கள். கெராங் (சிப்பி) விஷயமும் உண்டு. ஈரல் நோய் உள்ளவர்கள் அரைவேக்காட்டுக் கெராங்கைத் தொடவே கூடாது, வயிற்று வழியாக இரத்தத்துக்குப் போனால் புண் வழியாக வருவதைவிட மோசம். ஓடு திறந்த பிறகும் மூன்று முதல் ஐந்து நிமிடம் கொதிக்கட்டும்.

எல்லாத் தொற்றும் மாமாவுக்கு வந்த மாதிரி ஓடி வராது, மெதுவாக வருபவையும் உண்டு. மீன் முள் குத்தின விரல் சில நாள் கழித்து ஊதா நிறமாக வீங்கி எரியும், அது ஒரு கிருமி. வாரக்கணக்கில் ஒன்றும் இல்லாமல் இருந்துவிட்டு விரலில் முடிச்சு முடிச்சாகக் கிளம்பி ஆறாமலே இருக்கும், அது இன்னொன்று. இதற்கெல்லாம் நாள் பார்த்துக் கிளினிக் போகலாம். ஆனால் கடல் தண்ணீர் பட்டு ஓரிரு நாளுக்குள் சிவப்பு ஓடுகிறது, புண்ணின் அளவுக்கு மீறி வலிக்கிறது, காய்ச்சலோ நடுக்கமோ வருகிறது, தோல் கறுக்கிறது, கொப்புளம் வருகிறது என்றால் காலை வரைக்கும் காத்திருக்காதீர்கள். பேனாவால் சிவப்பைச் சுற்றிக் கோடு போட்டு நேரத்தை எழுதிவிட்டு நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வண்டி இல்லையென்றால் ஆம்புலன்சுக்கு 999.

கவுண்டரில் என்ன சொல்வது என்பது ரொம்ப முக்கியம். சாதாரணத் தோல் புண்ணுக்குக் கொடுக்கும் மருந்து இந்தக் கிருமிக்குப் போதாது, வேறு மருந்து சேர்க்க வேண்டும், பல நேரம் அறுவையும் வேண்டும். கடல் என்ற வார்த்தை டாக்டர் காதில் விழுந்தால்தான் அவருக்கு அந்தப் பக்கம் யோசனை போகும். மலாய் சரளமாக வராதவர்கள் இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "லுக்கா கெனா ஆயிர் லாவுட். அடா கென்சிங் மானிஸ்." புண்ணில் கடல் தண்ணீர் பட்டது, இனிப்பு நீர் இருக்கிறது. முதல் நாள் அந்தக் கிளினிக்கில் நாங்கள் இதைச் சொல்லியிருந்தால் மாமாவுக்கு ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

பாசார் மாலாமில் பார்த்த தம்பியிடம் இதையெல்லாம் மீன் கடை ஓரத்தில் நின்றே சொன்னேன். மாமாவின் கால் போட்டோவைக் கைப்பேசியில் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் அதைப் பார்த்தார், பிறகு கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, "இதுக்கு எந்த கிளினிக் போலாம்ணே?" என்று கேட்டார்.

மாமா இப்போதும் வருகிறார். தண்ணீரில் இறங்குவதில்லை, கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளி மேல் உட்கார்ந்து போடுவார், மீன் மாட்டினால் கழற்றுவது என் வேலை. போன ஞாயிறு விடிகாலை ஐந்து மணிக்கு அவர் வீட்டு வாசலில் விளக்கைப் பிடித்துக்கொண்டு காலைப் பார்த்தேன். தோல் ஒட்டிய இடம் நன்றாக இருந்தது. மற்றக் காலில், கணுக்காலுக்கு மேலே ஒரு புதுக் கீறல். "நேத்து வேலி ஓரம் புல்லு வெட்டினேன்டா, ஒன்னுமில்ல" என்றார். தூண்டில்களை வண்டியிலிருந்து இறக்கி மறுபடி உள்ளே வைத்தேன். அவர் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், அத்தை தோசை வார்த்தார், மூன்று பேரும் சாப்பிட்டோம்.